மலையில் அணைந்த லைட்

என் கணவர் ஜேசுராஜ் குமுளி மலைப்பாதையில் இறந்துபோனது 1974-ல், ஐப்பசி மழை ஓய்கிற நேரம். ஏலக்காய் வாங்க மேலே போனவர் பொழுது சாய்ந்த பிறகு இறங்கியிருக்கிறார். எங்கள் பழைய கறுப்புக் கார் ஒரு வளைவில் நின்றிருந்தது. கதவு திறந்திருந்தது. லைட் எரியவில்லை. அவர் கீழே பள்ளத்தில் கிடந்தார்.

பார்த்தவர்கள் சொன்னது இவ்வளவுதான். மீதியைத் தேனி கடைத்தெரு பேசியது.

அதற்கு முந்தின சில மாதங்களாகவே அவர் சரியாக இல்லை. எங்கள் கடையில் ஆள் வந்து நின்றாலும் தராசையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதனால், லைட்டைத் தானே அணைத்துவிட்டு இறங்கி நடந்திருப்பார் என்று ஒரு பேச்சு. சபையில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் துக்கம் கேட்க வந்தவர்கள் ஆளுக்கு ஆள், "ஆண்டவர் மன்னிப்பார்" என்றார்கள்.

"மன்னிக்க அவன் என்ன செஞ்சான்?" என்று என் மாமியார் அன்னபாக்கியம் ஒரு நாள் கேட்டேவிட்டார். அதோடு ஆலயத்துக்குப் போவதையும் நிறுத்திவிட்டார்.

"அவன் அணைச்சானா, அதுவா அணைஞ்சதா? எனக்கு அது ஒண்ணு தெரியணும் லதா. அதுவா அணைஞ்சிருந்தா, என்னன்னு பாக்க இறங்கியிருப்பான். இருட்டுல கால் தவறியிருக்கும். வேற ஒண்ணுமில்ல."

நானும் கொழுந்தன் ஞானதுரையும் கம்பத்துக்குப் போய், காரை முதலில் பார்த்த ஜீப் டிரைவர் முத்துவீரனைக் கேட்டோம்.

"வண்டி இருட்டாத்தான் கெடந்துச்சுக்கா. மலையில நின்ன வண்டியத் தொட்டா மொதல்ல எல்லாச் சுவிட்சையும் மூடிருவோம். அப்புறந்தான் ஓரமாத் தள்ளுறது. லைட்டுச் சுவிட்சு போட்டுக் கெடந்துச்சா, மூடிக் கெடந்துச்சான்னு அந்நேரத்துல எவன் பாத்தான்?"

காரைக் கேட்பது ஒன்றுதான் பாக்கி. ஆனால் ஞானதுரை அதை ஏற்கெனவே தேனியில் ஒரு பட்டறையில் விட்டிருந்தார். நாங்கள் போனபோது மெக்கானிக் முகமெல்லாம் சிரிப்பாக நின்றார்.

"பேட்டரி முனைக்கு வெந்நீர் ஊத்தி, ஒயர் மூட்டு அத்தனையையும் உப்புத்தாள் போட்டுத் தேச்சு முறுக்கிட்டேன். பாருங்க, கல்யாண வீடு மாதிரி எரியுது!"

"முன்னால எது கெட்டுப் போயிருந்துச்சு?" என்றேன்.

"அது எதுக்கும்மா இப்ப? எரியுதுல்ல?"

எங்கள் பக்கத்தில் எந்தப் பட்டறைக்குப் போனாலும் முதல் வேலை இதுதான். தேய்ப்பார்கள், முறுக்குவார்கள், பிறகுதான் என்ன கோளாறு என்று கேட்பார்கள். அவரைக் குறை சொல்ல முடியாது. ஊரில் எல்லாருக்கும் லைட் எரிந்தால் போதும். அது ஏன் அணைந்தது என்று கேட்டுக்கொண்டு போனவள் நான் ஒருத்திதான்.

பிறகு கம்பத்தில் சுருளியாண்டியின் பட்டறைக்குக் கொண்டுபோனோம். ஏலத்தோட்டத்து ஜீப்புகளெல்லாம் அவரிடம்தான் வரும். அவர் பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நேரத்துக்கு ஒன்று சொன்னார். காலையில் எர்த் ஒயர் என்றார். சாப்பிட்டு வந்து டைனமோ என்றார். கடைசியாகப் பியூஸைக் கழற்றிக் காட்டினார். அதில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள் சுற்றியிருந்தது.

"பியூஸ் போனா அவசரத்துக்கு இப்படிச் சுத்துவாக. அண்ணாச்சி சிகரெட் குடிப்பாகளா?"

"இல்லை," என்றேன். எனக்குத் தெரிந்து இல்லை என்று பிறகு சேர்த்துக்கொண்டேன்.

தேனிக்காரர் தான் சுற்றவில்லை என்றார். முத்துவீரனும் இல்லை என்றார். அப்படியென்றால் லைட் முன்பே ஒருமுறை போயிருக்கிறது. எப்போது? யார் சுற்றியது? அன்றைக்கா, போன வருஷமா? ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று கையை விட்டுப் போனது.

"மதினி, வித்துருவோம். இத வச்சுக்கிட்டு எத்தன நாளு மண்டையப் பிச்சுக்கிறது?" என்றார் ஞானதுரை.

சுருளியாண்டிக்கு மனசில்லை. "இங்கன சமதரையில நிறுத்திப் பாத்தா ஒண்ணும் தெரியாது. வளைவுல ஏறி எறங்கும்போது பாடி முறுக்கும். ஒயரு எங்கனயாவது விட்டிருந்தா அப்பத்தான் காட்டும். சாயங்காலம் மலைக்குப் போயிட்டு வருவோம்."

எங்களோடு கம்பத்துக்கு வந்திருந்த அத்தை, தானும் வருவேன் என்று பிடிவாதமாகப் பின் சீட்டில் ஏறிக்கொண்டார். சுருளியாண்டி ஓட்ட, நான் முன்னால் உட்கார்ந்தேன்; ஞானதுரை பட்டறையிலேயே இருந்துகொண்டார். மேலே போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. ஏறும்போது லைட் ஒருமுறைகூடக் கண் சிமிட்டவில்லை. குமுளியில் வண்டியைத் திருப்பினோம். இறங்கும்போதும் வளைவுக்கு வளைவு வெளிச்சம் பாறையில் அடித்து, மரத்தில் அடித்து, பள்ளத்துக்கு மேலே வெறுமனே நின்று, மறுபடி ரோட்டுக்கு வந்தது. பின்னால் அத்தை முதலில் வேதத்திலிருந்து சங்கீதம் சொல்லிக்கொண்டு வந்தார். பிறகு அதுவும் நின்றுவிட்டது.

"என்ன தம்பி, நல்லாத்தான எரியுது?" என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

சுருளியாண்டி திரும்பி அத்தையை ஒருமுறை பார்த்தார்.

அடுத்த வளைவில் லைட் அணைந்தது.

பிரேக் போட்டு நிறுத்தினார். எனக்கு என் கையே தெரியவில்லை. எங்கோ தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு லைட் வந்தது.

"அணைஞ்சுச்சு! பாத்தியா லதா? அணைஞ்சுச்சுல்ல!" அத்தை முன்சீட்டைப் பிடித்து உலுக்கினார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. "எம்புள்ள எறங்கிப் பாத்திருக்கான். அதான். ஏய்யா, அதானே?"

"ஆமா ஆத்தா, அதான்," என்றார் சுருளியாண்டி.

அணைவதற்கு முன்னால் ஒரு 'டக்' கேட்டது. கியர் மாற்றிய சத்தமாக இருக்கலாம். அவருடைய இடது கை அப்போது ஸ்டியரிங்கில் இல்லை. கியரில் இருந்ததா, லைட் சுவிட்சில் இருந்ததா? நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பட்டறைக்கு வந்ததும், அத்தை தண்ணீர் குடிக்க உள்ளே போனபோது அவரைக் கேட்டேன்.

"அண்ணே, அதுவாத்தான் அணைஞ்சதா?"

துணியில் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "வண்டிய விட்டுட்டுப் போங்கம்மா. நாளைக்குப் பிரிச்சுப் பாக்குறேன்."

பிரித்தால் கோளாறு இருப்பது தெரியும், அல்லது இல்லாதது தெரியும். உள்ளே அத்தை, சுருளியாண்டியின் மனைவியிடம் லைட் அணைந்த கதையை அதற்குள் ஆரம்பித்திருந்தார். "வேண்டாம்ணே," என்றேன்.

அடுத்த ஞாயிறு அத்தை ஆலயத்துக்கு வந்தார். ஆராதனை முடிந்து வாசலில் ஒருவரை விடாமல் நிறுத்திச் சொன்னார். கேட்டவர்கள் என் பக்கம் திரும்பி, "நீயும் பாத்தியாம்மா?" என்றார்கள்.

"அணைந்தது," என்றேன். பொய்யில்லை.

காரைத் தேவதானப்பட்டிக்காரர் ஒருவர் வாங்கினார். அத்தை போய்ச் சேர்ந்த பிறகு, ஒரு நாள் பெரியகுளம் பஸ் ஸ்டாண்டில் அந்தத் தேவதானப்பட்டிக்காரரைப் பார்த்தேன். வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்டேன்.

"செல்ப் எடுக்காதும்மா, தள்ளித்தான் விடுறோம். மத்தபடி தேவலை."

"லைட்?"

"லைட்டுக்கென்ன? வாங்குன கையோட ஒயரெல்லாம் உருவிப் போட்டுட்டுப் புதுசா இழுத்துட்டேன்ல," என்று சொல்லிவிட்டு, நகரத் தொடங்கிய பஸ்ஸில் ஓடிப்போய் ஏறிக்கொண்டார்.