கழுவிக் கழுவிக் கருகிய இலைகள்

வேலை முடிந்து நான் படிக்கப் போகும் மாலை வகுப்புக்கு இன்று போகவில்லை. நடந்ததை வரிசையாக எழுதிப் பார்த்தால், நான் செய்தது சரியா என்று தெரியலாம்.

கன்டெய்னர்களைத் துறைமுகத்துக்கு அனுப்பும் எங்கள் அலுவலகத்தில் இசக்கிசெல்வி சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. ஸ்ரீவைகுண்டம் பக்கத்துப் பெண். அவளுக்கு வேலை பழக்கும் பொறுப்பு என்னுடையது. துறைமுகத்துக்குள் நுழைய லாரிக்குக் கொடுக்கும் கேட் பாஸில் கன்டெய்னர் எண்ணை மாற்றி அடித்துவிடுவாள். மேனேஜர் ரெக்சன் சார் பார்ப்பதற்குள் நான் திருத்திவிடுவேன். அவளிடம் சொன்னதில்லை. சொன்னால் மனம் நொந்துபோவாளோ என்று பயம்.

நேற்று நான் வகுப்புக்குக் கிளம்பிய பிறகும் ஒரு பாஸ் அடித்திருக்கிறாள். எண் தவறு. துறைமுக கேட்டில் லாரியைத் திருப்பிவிட்டார்கள். கப்பல் போய்விட்டது, கன்டெய்னர் இங்கே கிடக்கிறது.

காலையில் ரெக்சன் சார் கூப்பிட்டார். "ஏளா விஜிலா, இவ்வளவு நாளா என்னத்தப் பழக்குன? நாளைலருந்து வரவேண்டாம்னு நீயே அவகிட்ட சொல்லிரு."

அவளிடம் சொல்லாமல் அலுவலகத்து மொட்டை மாடிக்குப் போனேன். அங்கே பெயின்ட் வாளிகளில் கத்தரி வைத்திருக்கிறேன். துறைமுகத்து நிலக்கரித் தூசி இலைகளில் கறுப்பாகப் படியும். தினமும் போர்வெல் தண்ணீர் ஊற்றிக் கழுவுவேன். இலை ஓரமெல்லாம் கருகிக்கொண்டே வந்தது. தூசிதான் காரணம் என்று இன்னும் நன்றாகக் கழுவினேன். இன்று ஓர் இலையைத் தடவியபோது விரலில் வெள்ளையாக ஒட்டியது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு, நான் ஊற்றிய தண்ணீருடையது. டேங்க்குக்குப் பின்னால் கை எட்டாமல் விட்ட செடி மட்டும் தூசியோடு நன்றாக நின்றது.

கீழே வந்து சாரிடம் சொன்னேன். "அவ தப்ப அவளுக்குக் காட்டவே இல்ல சார். நானே திருத்திட்டேன்."

"அப்போ ரெண்டு பேரையும்லா அனுப்பணும்?" மேசைக் காலண்டரைப் பார்த்தார். "ஒரு வாரம் பாக்கேன். பாஸ்ல நீ கை வைக்கப்பிடாது."

செல்வியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"மூணு மாசமாவாக்கா?"

"ஆமா."

"நல்லா வேல பாக்கேன்னு வீட்ல பெருமையடிச்சிக்கிட்டுத் திரியுதேன். என்னைய கோட்டி ஆக்கிட்டியளே!"

பிற்பகலில் லாரி வந்தது. அவள் அடித்த எண்ணில் கடைசி இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தன.

"கன்டெய்னர் போட்டோவ வச்சு ஒரு தடவ சரிபாரு, செல்வி."

"எங்க தப்புன்னு சொல்லுங்களேன்."

"நீயே பாரு."

முறைத்தாள். வெளியே டிரைவர் தங்கப்பாண்டி அண்ணாச்சி ஹாரனை அமுக்கினார். "ஏளா, பாஸ் தாரியளா, இல்ல இங்கனயே பாய விரிக்கட்டா?"

திரையில் விரல் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தவறிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டாள். என் கை தானாக மவுஸுக்குப் போனது. இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். இந்தமுறை விரல் நின்றது. திருத்தி, அச்செடுத்து, என் பக்கம் திரும்பாமல் அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

வீட்டுக்குப் போகும்போது "வாரேன்க்கா" என்று தினமும் சொல்வாள். இன்று சொல்லவில்லை.