நான்காம் கட்டத்து இழை

கணவன் ஏரிக்குப் போய்த் திரும்பாத மூன்றாம் நாள் காலையில், மீட்புப் படைத் தலைவர் ஈரச் சாக்கில் எதையோ சுற்றி எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தார். நூலக்கா வேலை மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். உட்கார்ந்தால் மறுபடி எழுந்திருக்க முடியாமல் போய்விடுமோ என்ற பயத்தில் இரண்டு நாளாக அவள் சரியாக உட்காரவே இல்லை. கதவோரம் மாமியார் நிலையைப் பிடித்தபடி நின்றாள்.

தலைவர் சாக்கைப் பிரித்தார். உள்ளே முறிந்துபோன ஒரு தூண்டில் கம்பு. கைப்பிடியும் அதற்கு மேல் ஒரு முழத் தண்டும்தான் மிச்சம். மதகுக்குக் கீழே, கால்வாய்க் கரை முட்புதரில் சிக்கியிருந்ததாம்.

“உங்க வேலையான்னு நல்லா பார்த்துச் சொல்லும்மா. அவர் அன்னிக்கு எடுத்துட்டுப் போனதா இது?”

பார்க்க வேண்டிய அவசியமே அவளுக்கு இல்லை.

தூண்டில் கம்பு செய்யும் அந்தப் பட்டறையில் கணவன் தண்டை அறுத்து, பிடி மாட்டி, வளையங்களைப் பொருத்துவான். நூல் சுற்றுவதெல்லாம் அவள். பிடிக்கு மேலே ஒரு சாண் நீளத்துக்கு வருகிற பூவேலைக்காகத்தான் தொலைதூரத்திலிருந்தெல்லாம் ஆள் தேடி வந்தார்கள். ஒற்றை இழையைத் தண்டில் சாய்வாகச் சுற்றிக்கொண்டே மேலே போய், எதிர்ச்சாய்வில் கீழே இறங்க வேண்டும். இரண்டும் வெட்டிக்கொள்கிற இடங்கள் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். பிறகு அந்த முதல் இழைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று ஐம்பது அறுபது இழை ஒட்டி ஒட்டிப் போட்டால், வைரக் கட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக எழும்பி வரும். இழுவிசை கொஞ்சம் தளர்ந்தால் கட்டம் கோணிக்கொள்ளும். வாடிக்கையாளர்கள் அவளுக்கு நூலக்கா என்று பேர் வைத்ததே இதற்காகத்தான். “இவ்வளவு அலங்காரம் மீனுக்கா தெரியப்போகுது?” என்று ஒருவர் கேட்டபோது, “மீனுக்குத் தெரியாது, உங்க சகலைக்குத் தெரியும்ல” என்றான் கணவன். அவர் அன்றைக்கே இரண்டு கம்புக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

ஊருக்கெல்லாம் செய்துகொடுத்தாலும் அவன் கையில் இருந்தது என்னவோ சோதனைக்குச் செய்த மொட்டைக் கம்புதான். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்துக்குப் பிறகு இந்த முறை அவனுக்கென்றே ஒன்று சுற்றினாள். கருநீலம், வெள்ளை, நடுவில் செம்பு நிறம். மேல்பூச்சு ஊற்றி, வழியாமல் இருக்க மோட்டாரில் சுழலவிட்டு, காய்ந்த பிறகு விளக்கடியில் வைத்துப் பார்த்தால், நான்காவது கட்டத்தில் செம்பு இழை ஒன்று பக்கம் மாறிப் போயிருந்தது. ஒரு ஓரம் மட்டும் மயிரிழை அளவு தடித்துவிட்டது. வெட்டிவிட்டு வேறு சுற்றுகிறேன் என்று அவள் கத்தியை எடுத்தாள். அவன் கம்பைப் பிடுங்கிக்கொண்டான். “இன்னிக்கு ஒரு நாள் இதோட போய்ட்டு வரேன். நாளைக்கு வெட்டிக்கோ.” அப்படிச் சொல்லிவிட்டுப் போனவன்தான்.

இப்போது சாக்கின் மேல் கிடந்த துண்டில், சேறு படிந்த நான்காவது கட்டத்தின் ஓரம் தடித்திருந்தது. அவள் விரல் தானாக அந்த இடத்துக்குப் போனது.

ஏரியில் தேடிக்கொண்டிருந்தது ஒரே ஒரு படை. இருந்தது இரண்டே படகு. கணவனின் படகு வடகரைக் கோரைக்குள் கவிழ்ந்து கிடந்ததால் எல்லோரும் அங்கேதான் தேடினார்கள். அங்கே சின்னச் சின்ன மண்திட்டுகள் உண்டு. ஏதாவது ஒன்றில் ஆள் ஏறி உட்கார்ந்திருக்கலாம் என்று சொன்னார்கள். மதகுப் பக்கம் அப்படி எந்தப் பேச்சும் இல்லை. அவன் போன அன்று மாலை மதகு திறந்திருந்தது. அதற்குள் இழுக்கப்பட்டவர் யாரும் உயிரோடு வெளியே வந்ததில்லை என்று முந்தின நாள்தான் ஒரு படகோட்டி, அவள் காதில் விழுவது தெரியாமல், யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். இந்தக் கம்பு அவனுடையது என்றால் அவன் மதகு வழியாகப் போயிருக்கிறான். இல்லை என்றால் இன்னும் திட்டுகள் இருக்கின்றன.

“எங்களது இல்ல” என்றாள்.

தலைவர் அவளையே பார்த்தார். “நிச்சயமாத் தெரியுமா? இதை வச்சுத்தான் படகைக் கால்வாய்க்கு அனுப்பறதா வேண்டாமான்னு முடிவு பண்ணணும்.”

“நான் சுத்தினது எனக்குத் தெரியாதா சார்? இது வேற யாரோ பண்ணது.”

அவர் சாக்கைச் சுருட்டிக்கொண்டு போனார். மாமியார் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய் உலையை வைத்தாள்.

அடுத்த ஆறு நாளும் கோரைக்குள்ளேயே தேடினார்கள். கொழுந்தன் லாரி ஓட்டுகிறவன். வண்டியை அப்படியே போட்டுவிட்டு வந்து, விடிந்தது முதல் பொழுது சாயும்வரை இடுப்பளவு தண்ணீரில் நின்றான். கோரை அறுத்து அவன் கால் முழுக்கக் கோடுகள். தினமும் வந்து, “இன்னும் ஏழு திட்டு பாக்கி அண்ணி, இன்னும் நாலு பாக்கி” என்று சொல்வான். அவளும் தலையாட்டுவாள். ஐந்தாம் நாள் அவளுக்கே தன் வார்த்தையில் நம்பிக்கை வந்துவிட்டது. அந்த ஓரம் தடித்திருந்தது சேற்றால் இருக்கலாம், நாம் சரியாகப் பார்க்கவில்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். கணவனின் துணிகளைத் துவைத்து மடித்து வைத்தாள்.

ஒன்பதாம் நாள் அவனைக் கண்டுபிடித்தார்கள். கால்வாய்க் கரையைப் பார்வையிட நடந்துபோன காவலாளி, ஒரு சின்னப் பாலத்தின் அடியில், தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த கல்மேடையில் அவன் உடல் கிடந்ததைப் பார்த்தார். மதகிலிருந்து நடந்தால் அரை மணி நேர தூரம்.

முகத்தைக் காட்ட வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மூடின பெட்டியைத்தான் கொடுத்தார்கள். மாமியார் பெட்டியின் தலைமாட்டைத் தடவித் தடவி, எந்தப் பக்கம் தலை என்று இரண்டு முறை கேட்டாள்.

நூலக்காவைத் தனியாகக் கூப்பிட்டு டாக்டர் சில விவரங்கள் சொன்னார். இடது கால் எலும்பு இரண்டாக முறிந்திருந்தது. முறிந்த இடத்தில் சட்டையைக் கிழித்துச் சுற்றி, இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது.

“யார் கட்டினது?” என்று அவள் கேட்டாள்.

“அவரேதான் கட்டியிருக்கணும்.”

“அப்ப உயிரோட வெளிய வந்திருக்காரு.”

எத்தனை நாள் இருந்திருப்பார் என்று கேட்டாள். அதைச் சரியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஒரு நாளா, நாலு நாளா என்று மறுபடி கேட்டாள். குடிக்கத் தண்ணீர் பக்கத்திலேயே இருந்ததால் எப்படியும் சொல்ல முடியாது என்று, அவள் முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டு எழுந்தார்.

அதற்குப் பிறகு அவளால் எண்ணாமல் இருக்க முடியவில்லை. மூன்றாம் நாள் காலையில் தலைவர் வந்தார். ஆமாம் என்றிருந்தால் மத்தியானத்துக்குள் படகு கால்வாயில் இறங்கியிருக்கும். அந்தப் பாலத்தடியில் அன்றைக்கு அவன் மூச்சு விட்டுக்கொண்டிருந்தானா? கரையில் ஆள் நடமாட்டம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தானா? இரண்டாம் நாளே போய்ச் சேர்ந்திருந்தால் தேவலை என்று கட்டின கணவனுக்காக வேண்டிக்கொண்டாள். அப்படி வேண்டிக்கொண்டதற்காகப் பிறகு தலையில் அடித்துக்கொண்டாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு மாலை கொழுந்தன் ஒரு தாளோடு வந்தான். மீட்புப் படைத் தலைவர்மேல் எழுதின புகார் அது. கால்வாய்க் கரையில் கம்பு கிடைத்த விஷயம் படகோட்டிகள் மூலம் அவனுக்குப் பிறகுதான் தெரியவந்திருந்தது. கம்பு கிடைத்தும் கால்வாய்ப் பக்கம் எட்டிப் பார்க்காமல் அலட்சியமாக இருந்துவிட்டார், அவரை வேலையிலிருந்து நீக்க வேண்டும் என்று எழுதியிருந்தான். அம்மா முதலில் கையெழுத்துப் போடட்டும், அடுத்து நீங்க போடுங்க என்று பேனாவை நீட்டினான். தலைவர் தன்னிடம் வந்து கேட்டதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை என்பது நூலக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது.

“தம்பி, அவர் கேட்டாரு” என்றாள். “கம்பை எங்கிட்ட கொண்டுவந்து காட்டித்தான் கேட்டாரு. நான்தான் நம்மளது இல்லைன்னு சொன்னேன்.”

“அடையாளம் தெரியலையா அண்ணி?”

“தெரிஞ்சுது. தொட்டதுமே தெரிஞ்சுது.”

திட்டுவான், கையை ஓங்குவான் என்று எதிர்பார்த்து நின்றாள். அவன் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான். தன் கால்களைக் குனிந்து பார்த்தான். கோரை அறுத்த கோடுகள் இன்னும் முழுசாக ஆறவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, போய்ட்டு வரேன் என்றுகூடச் சொல்லாமல் இறங்கிப் போனான். அதற்கப்புறம் அம்மாவுக்கு ஏதாவது கொண்டுவந்தால் வாசலோடு கொடுத்துவிட்டுப் போய்விடுகிறான்.

அவன் போனதும் அவள், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மாமியாரின் காலடியில் உட்கார்ந்தாள். கிழவி அவளைத் தொடவும் இல்லை, தள்ளவும் இல்லை.

“எனக்குத் தெரியும்” என்றாள் மாமியார்.

“என்ன அத்தை?”

“உன் விரல் போய் நின்னுச்சே, அப்பவே தெரியும். நீ இல்லைன்னு சொன்னதும் எனக்கு வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு. ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கலாம். கேட்டா நீ ஆமான்னு சொல்லிடுவியேன்னு உள்ள போய்ட்டேன்.”

பாரத்தை ஒருத்தியிடம் இறக்கி வைத்தால் பாதியாவது குறையும் என்று நூலக்கா நினைத்திருந்தாள். குறையவில்லை. அதே பாரத்தை மாமியார் தனியாக ஒரு முழுப் பாரமாகச் சுமந்துகொண்டிருக்கிறாள் என்பதுதான் தெரிந்தது. இருவரும் அழவில்லை. மாமியார் எழுந்து விளக்கைப் போட்டாள்.

அதிலிருந்து ஒரே வீட்டில் இருவரும் ஒருவரை ஒருவர் தவிர்த்து நடந்தார்கள். ஒருத்தி அடுப்படியில் இருந்தால் இன்னொருத்தி பின்கட்டுக்குப் போவாள். சண்டை ஒன்றும் இல்லை. சாப்பாடு எடுத்து மூடி வைப்பார்கள், மாத்திரையை ஞாபகப்படுத்துவார்கள். முகம் பார்ப்பது மட்டும் முடியவில்லை.

நாற்பது நாள் போல ஆனபோது, ஒரு கம்புக்கு முன்பணம் கொடுத்திருந்த மருந்துக்கடைக்காரர் தயங்கித் தயங்கி வந்து, அவசரமில்லை, முடிந்தால் செய்யுங்கள் என்றார். வேறு பிழைப்பு தெரியாது. தண்டும் பிடியும் கணவன் முன்பே பொருத்தி வைத்திருந்தான். அவள் விளக்கைப் போட்டு உட்கார்ந்தாள். பச்சையும் கறுப்பும் கேட்டிருந்தார். முதல் இழையைச் சாய்த்துச் சுற்றி மேலே போனாள், எதிர்ச்சாய்வில் இறங்கினாள். மத்தியானம்வரை தலை நிமிரவில்லை. ஐம்பத்தாறு இழை போட்டு முடிச்சை உள்ளே இழுத்து, மிச்ச நூலை அறுத்துவிட்டு, தண்டை மெல்லத் திருப்பிப் பார்த்தாள். எல்லாக் கட்டமும் ஒரே அளவு. எங்கேயும் ஒரு பிசகு இல்லை. கை கொஞ்சமாவது நடுங்கியிருக்கலாம் என்று இருந்தது அவளுக்கு.