மொழிபெயர்ப்புக்கு அவகாசம்

இளங்கோவன் மனிதர்களை நம்புவதை விட்டு நான்கு வருடம் ஆகியிருந்தது. ஹைதராபாத் லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் அவர் ஃபிட்டர். ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று நகரசபை பெரிய சாக்கடையைத் திருப்பி, அவர் வீட்டுப் பின்சுவரை ஒட்டி ஓடவிட்டது. அஸ்திவாரம் அரிக்கிறது, பழைய வழிக்கே மாற்றுங்கள் என்று அறுபத்தெட்டில் அவர் வழக்குப் போட்டார். அன்று தொடங்கியது வாய்தா.

ஒரு தடவை நகரசபை வக்கீலுக்குக் காய்ச்சல். அடுத்த தடவை ஃபைல் தலைமை அலுவலகத்துக்குப் போயிருந்தது. பிறகு என்ஜினீயரை மாற்றினார்கள். புது என்ஜினீயர் இன்னும் இடத்தைப் பார்க்கவில்லையாம். இடம் என்ன ஓடியா போய்விடும்? இவர்தான் ஒவ்வொரு தடவையும் லீவு போட்டுவிட்டுக் கோர்ட்டு வராந்தாவில் தவம் கிடந்தார். தன் வக்கீல் சுந்தரேசன் எதிர்க்கட்சி வக்கீலோடு கேன்டீனில் சிரித்துச் சிரித்து டீ குடிப்பதைப் பார்த்தபோது வயிறு எரிந்தது. இந்த ஆளும் அந்தப் பக்கம்தானோ?

கடைசியாக ஒரு காகிதம் முளைத்தது. நிஜாம் காலத்து உருது ஆவணம். சாக்கடை எப்போதுமே அந்த வழியாகத்தான் ஓடியது என்பதற்கு அதுவே ஆதாரமாம். மொழிபெயர்க்க அவகாசம் வேண்டும் என்றார் நகரசபை வக்கீல். அதற்கே ஆறு வாய்தா. ஹைதராபாத்தில் உருது தெரிந்த ஆள் கிடைக்கவில்லையாம்!

"மெட்ராஸ்காரனுக்கு உருது தெரியாதுன்னு நெனச்சிட்டானுங்க போல," என்றாள் மனைவி கனகவல்லி. "நீங்க இங்கயே பொறந்து அஞ்சாவது வரைக்கும் உருதுலதான படிச்சீங்க? ஏன் கையக் கட்டிக்கிட்டு சும்மா இருக்கீங்க? போயி அதப் படிச்சுப் பாருங்க."

சுந்தரேசன் மனுப் போட்டு அனுமதி வாங்கினார். கோர்ட்டு குமாஸ்தாவின் முன்னால் உட்கார்ந்து இளங்கோவன் எழுத்துக்கூட்டிப் படித்தார். அது குஷாய்குடாவில் ஏதோ ஒரு மாந்தோப்பின் குத்தகைப் பத்திரம். சாக்கடை என்ற சொல்லே அதில் இல்லை.

அடுத்த விசாரணையில் சுந்தரேசன் போட்ட சத்தத்தில் கோர்ட்டே அதிர்ந்தது. இவரையா சந்தேகப்பட்டோம் என்று இளங்கோவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. நீதிபதியும் நன்றாகத் திட்டினார். நகரசபை வக்கீல் அசரவில்லை. தவறுதலாக வேறு காகிதம் வந்துவிட்டது, சரியானதைத் தேடி எடுக்க அவகாசம் வேண்டும் என்றார். ஆறு வாரம் கிடைத்தது.

வெளியே வரும்போது அதே வக்கீல் தெலுங்கில் அன்பாகக் கேட்டார், சுவர் எப்படி இருக்கிறது, இந்த மழைக்குத் தாங்குமா என்று. இளங்கோவனுக்குச் சுருக்கென்றது. இவனுக்கு என் சுவர்மேல் என்ன அக்கறை? சைக்கிள் மிதித்து வீடு வந்து சேரும்வரை அதே கேள்விதான்.

ஜூலை மழையில் ஒரு மத்தியானம் பின்சுவர் சரிந்தது. வாசல் கொடியில் நனைந்த துணியை எடுத்துக்கொண்டிருந்ததால் கனகவல்லி பிழைத்தாள். இத்தனை நாளும் இடத்தைப் பார்க்க நேரமில்லாத புது என்ஜினீயர் மறுநாளே ஜீப்பில் வந்து இறங்கினார். அபாயகரமான கட்டடம் என்று நோட்டீஸ் ஒட்டினார். ஒரே வாரத்தில் மீதி வீட்டையும் இடித்துத் தள்ளிவிட்டார்கள்.

அடுத்த விசாரணையில் வழக்கு எண்ணைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் நகரசபை வக்கீல் எழுந்து நின்றார்.

"நாங்கள் தயார். இன்றே முடித்துவிடலாம். வீட்டைக் காப்பாற்றத்தான் இந்த வழக்கு. வாதிக்கு இப்போது வீடே இல்லை. வழக்கைத் தள்ளுபடி செய்ய வேண்டும்."

வீட்டை இடித்ததையும் சேர்த்து வழக்கைத் திருத்த வேண்டும், இரண்டு வாரம் அவகாசம் கொடுங்கள் என்று சுந்தரேசன் கெஞ்சினார்.

"கொடுக்கவே கூடாது," என்றார் நகரசபை வக்கீல். "நான்கு வருடமாக இழுத்தடித்துக்கொண்டிருக்கிறார்கள். கோர்ட்டின் நேரத்துக்கு ஒரு மதிப்பில்லையா?"

யாராவது சிரிப்பார்கள் என்று இளங்கோவன் சுற்றிலும் பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. நீதிபதி தலையசைத்துவிட்டு எழுதத் தொடங்கினார்.