எல்லா நாளும் பூஜ்யம் டிகிரி

1
ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை நான் டீ குடிக்கிற நேரத்தில் எழுதிய ஒரு புரோகிராமிலிருந்து வந்தது. பெங்களூருக்குப் பக்கத்தில், ஹெப்பகோடியில் ஒரு மீன் குளிர்கிடங்கு. அங்கே அமெரிக்காவிலிருந்து செகண்ட் ஹேண்டில் வாங்கிய குளிர்பெட்டியின் மீட்டர் ஃபாரன்ஹீட்டில்தான் பேசும். ரிஜிஸ்டருக்கோ செல்சியஸ் வேண்டும். மாற்றித் தந்தேன். கைதட்டினார்கள்.

2
தங்கவயல் ரயிலில் ஆம்ப்ரோஸ் சோகமாக ஜன்னலுக்கு வெளியே

(வேண்டாம். அவருக்கு அன்று உட்கார இடம் கிடைத்திருந்தது, சந்தோஷமாகத்தான் வந்தார்.)

ஆம்ப்ரோஸ் கிடங்கின் ஒப்பந்தத் தொழிலாளி. காலையில் கதவைத் திறந்தார், குளிர் முகத்தில் அடிக்கவில்லை. மீட்டரில் 59. கணினியில் தட்டினார். 0 என்றது.

"சார், ரூம் சூடா கீது," என்றார் சூப்பர்வைசர் முனிகிருஷ்ணனிடம்.

"கம்ப்யூட்டர் இன்னா சொல்லுது?"

"ஜீரோ. நேத்தும் ஜீரோ. கதவு தெறந்து கெடந்த அன்னிக்கும் ஜீரோ சார்."

"மீனுக்கு ஜீரோதானேப்பா வேணும்? சும்மனே தலை தின்னாத. சைன் போடு, லோடு கேண்டீனுக்குப் போவணும். வெள்ளிக்கிழமை உன் காண்ட்ராக்ட் ரின்யூவல், ஞாபகம் கீதா?"

3
இங்கே கொஞ்சம் கணக்கு.* 32ஐக் கழித்து, ஐந்தால் பெருக்கி, ஒன்பதால் வகுக்க வேண்டும். மேதாவி நான் முதலில் ஐந்தை ஒன்பதால் வகுக்கச் சொன்னேன், அதுவும் முழு எண்ணில், புள்ளிக்குப் பின்னால் வருவதை வெட்டிவிட்டு. விடை பூஜ்யம். பூஜ்யத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்யம். உண்மையில் அறை பதினைந்து டிகிரியில் இருந்தது.

* இந்தப் பத்தியை நான்கு முறை அழித்தேன்.

4
முடிவு ஒன்று: ஆம்ப்ரோஸ் கையெழுத்துப் போட மறுக்கிறார், முனிகிருஷ்ணன் மனம் திருந்திக் கட்டிப்பிடிக்கிறார். (எனக்கே சிரிப்பு வருகிறது.)

முடிவு இரண்டு: போட்டுவிடுகிறார். மதியம் இருநூறு பேர் மீன்குழம்பு

(முடிக்க முடியவில்லை.)

நடந்தது இதுதான். புரோகிராமின் அடியில் பெருமையாக என் பெயரும் நம்பரும் போட்டிருந்தேன். ஆம்ப்ரோஸ் கூப்பிட்டார்.

"சார், இது நீங்க எழுதினதாமே? மீட்டரு அம்பத்தொம்போது, உங்களுது ஜீரோ. எது சார் நெசம்? நான் சைன் போடலாமா?"

எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. தப்பு என்று சொன்னால் மூன்று மாத ரிஜிஸ்டரும் பொய், என் வேலையும் போகும். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் மீனுக்கு முன்னால் அதுதான் நினைவுக்கு வந்தது.

"கொஞ்சம் பாத்துட்டுச் சொல்றேங்க."

"பாருங்க சார். வண்டி நிக்குது. நான் லைன்லயே கீறேன்."

வாசகரே, போனை உங்களிடம் தருகிறேன். அவர் காத்திருக்கிறார், பேசுங்கள்.