ஆறாவது படி

எட்டு ரிசீவர்களும் சொன்ன பேச்சைக் கேட்டன. ஆறாவது மட்டும் காலையிலிருந்து அவன் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது.

சோப்புக்கட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, அவ்வளவுதான். மரப்படிக்கட்டின் அடியில், படிக்கு ஒன்றாக, கீழிருந்து எண்ணி, ஒன்பது பெட்டிகளைத் திருகி வைத்திருந்தான். ஒவ்வொன்றோடும் ஒரு பேட்டரி, ஒரு சின்ன விளக்கு. அரங்கின் பின்கோடியிலிருக்கும் கன்ட்ரோல் டேபிளில் பொத்தானை அழுத்தினால் இங்கே படி ஒளிர வேண்டும். கம்பி போட வழியில்லை, படிக்கட்டுக்குச் சக்கரம் உண்டு. நாடகத்தின் இரண்டாம் பாதியில், கும்மிருட்டில், இரண்டு பேர் அதை மேடை நடுவுக்குத் தள்ளி வருவார்கள். உச்சியில் ஒரு தாய் நிற்பாள். படிக்கொரு வசனமாகப் பேசிக்கொண்டே இறங்குவாள். வசனம் முடிந்ததும் அடுத்த படி ஒளிரும். ஒளிர்ந்த பிறகு கால் வைப்பாள். உச்சி ஆள் உயரத்துக்கு மேல் ஒரு சாண். கைப்பிடி கிடையாது.

தாயாக நடிப்பது அவனுடைய மாமியார். மாமியாருக்கு இருட்டில் கண் தெரியாது.

இது அரங்கில் ஒருவருக்கும் தெரியாது. பகலில் ஊசியில் நூல் கோப்பாள். விளக்கு மங்கிவிட்டால் எதிரே நிற்பது சுவரா ஆளா என்று தடவித்தான் பார்க்க வேண்டும். வெளியே தெரிந்தால் மறுநாளே அந்த வேஷத்துக்கு வேறு ஒருத்தி வந்துவிடுவாள். இத்தனை வருஷமும் மகள்தான் பக்கத்திரைக்குப் பின்னால் டார்ச்சைத் தரையைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மகள் போய் எட்டு மாதம் ஆகிறது. மகள் என்றால், அவனுடைய மனைவி.

"என்ன லைட்டு, படிக்கு அடியிலயே குடித்தனம் வச்சுட்டியா?"

ஒலி பார்ப்பவன் குனிந்து பார்த்தான். அவனை எல்லோரும் காது என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஆறாவது சிக்னல் எடுக்க மாட்டேங்குது."

"என் மைக்கை அடிக்காம இருந்தா சரி. போன நாடகத்துல நீ வயர்லெஸ்ஸைப் போட்டே, ராஜா வாயைத் திறந்தா கொசு கத்துச்சு."

"அது ராஜாவோட குரலே அப்படித்தான்."

காது சிரித்துக்கொண்டே போனான். ஆறாவதின் குட்டி ஆன்டெனா இரும்புச் சட்டத்தை உரசிக்கொண்டிருந்தது. விரலளவு தள்ளித் திருகினான். பச்சைப் புள்ளி வந்தது. ஐம்பது தடவை ஏற்றி அணைத்துப் பார்த்தான். ஐம்பது தடவையும் எரிந்தது. இருந்தும் மனம் ஆறவில்லை. இப்போதெல்லாம் அவனுக்குப் பூட்டிய கதவை நாலு தடவை இழுத்துப் பார்க்கும் பழக்கம் வந்திருந்தது.

நேற்று ஒத்திகையில் டைரக்டர் கேட்டதும் இதைத்தான். எதற்கெடுத்தாலும் "அரை நிமிஷம்" என்று கையைத் தூக்குவார். அதுவே பெயராகிவிட்டது.

"அரை நிமிஷம். கம்பி இல்லேங்கிறே. நடுவுல சிக்னல் போயிட்டா?"

"போனாலும் அணையாது சார். கடைசியா இருந்த மாதிரியே நிக்கும். அப்படித்தான் செட் பண்ணியிருக்கேன்."

ஒன்பது படியும் எரியும்போது, சிக்னல் அனுப்பும் டிரான்ஸ்மிட்டரின் பிளக்கைப் பிடுங்கிக் காட்டினான். ஒரு விளக்குகூட இமைக்கவில்லை. அரைநிமிஷம் கை தட்டினார். எரிகிற விளக்கைப் பார்த்து, அது சொன்னதைக் கேட்டு எரிகிறதா, வெறுமே உறைந்து நிற்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. மாற்றிப் பார்த்தால்தான் தெரியும். நேற்று யாரும் மாற்றிப் பார்க்கவில்லை.

மூன்று மணி ஆட்டம். அறுநூறு இருக்கையும் நிரம்பிவிட்டது. செல்போனை அணைத்துவிடும்படி அறிவித்தார்கள். எல்லோரும் சத்தத்தை மட்டும் குறைத்துவிட்டுப் பைக்குள் போட்டார்கள். அவன் டேபிளில் உட்கார்ந்தபடியே அதைப் பார்த்தான். அறுநூறு போனும் வாயை மூடிக்கொண்டு, அவன் சிக்னல் போகும் அதே காற்றில் பேசிக்கொண்டேயிருக்கும். காலியான அரங்கில் ஐம்பது தடவை எரிந்தது எந்தக் கணக்கில் சேரும்?

இடைவேளை விட்டதும் ஓடினான். படிக்கட்டின் பின்பக்கக் கறுப்புத் துணியைத் தூக்கிப் பார்த்தான். எட்டுப் புள்ளி பச்சை. ஆறாவது சிவப்பு.

முதலில் பதறவில்லை. கடைசியா இருந்த மாதிரியே நிக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சொல்லி முடிக்கும் முன்பே அடுத்த கேள்வி வந்தது. கடைசியாக எப்படி இருந்தது? அணைந்திருந்தது. எரியும்போது சிக்னல் போனால் எரிந்துகொண்டே நிற்கும். அணைந்திருக்கும்போது போனால் அணைந்தே நிற்கும். சிக்னல் போனால் இந்தப் பெட்டிகளில் இரண்டே வழிதான், அணை அல்லது அப்படியே நிறுத்து. எந்த வழியில் போனாலும் ஏழாவது படிக்குக் கீழே அவளுக்கு இருட்டுதான்.

ஆன்டெனாவைத் திருப்பினான். பேட்டரியைக் கழற்றி மாட்டினான். பச்சை வந்தது, எண்ணி முடிப்பதற்குள் சிவந்தது.

அரைநிமிஷம் மேடை ஓரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், படி விளக்கு ஒன்பதையும் லேசா எரிய விட்டே உள்ளே தள்ளலாமா? மினுக் மினுக்னு, ரொம்பக் கம்மியா."

"அரை நிமிஷம். படிக்கட்டு இருக்கிறதே தெரியக்கூடாதுப்பா. அவ கால் வைக்கிற இடத்துல படி முளைக்கணும். அதானே சீனே?"

"ஆறாவது சிக்னல் விடுது சார்."

"விட்டாலும் அணையாதுன்னு நேத்து நீதானே காட்டினே?"

"அது எரிஞ்சுக்கிட்டு இருந்தா..."

"ஒரு படி எரியலேன்னா என்ன? நாப்பது வருஷம் மேடையில நின்னவங்க. கண்ணை மூடிக்கிட்டு இறங்குவாங்க."

கண் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவர் தோளுக்குப் பின்னால் மாமியார் வந்து நின்றாள். நரைத்த டோப்பா, முகம் நிறையப் பூச்சு. வாயைத் திறக்காமலே தலையை இப்படியும் அப்படியும் ஒரே ஒரு தடவை அசைத்தாள். "சரி சார்," என்றான் அவன்.

அவர் போனதும் கிட்டே வந்தாள்.

"எத்தனாவது மாப்ளே?"

"ஆறு. அத்தை, சொல்லிடலாம். விழுந்தா இடுப்பு போயிடும்."

"சொன்னா பொழப்பு போயிடும். இடுப்பாவது ஒட்டும்."

"அவ இருந்திருந்தா..."

"அவ இருந்திருந்தா மட்டும்? டார்ச்சைப் பிடிச்சுக்கிட்டே நின்னு தூங்குவா. ஒரு நாள் வெளிச்சம் முழுக்க அவ மூக்கு மேல. நான் தபேலாக்காரர் மடியில போய் உட்கார்ந்தேன்."

எட்டு மாதத்தில் அவளைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டது இதுதான் முதல் தடவை. அதற்குள் மணி அடித்துவிட்டது.

பெட்டியின் பக்கவாட்டில் சோதித்துப் பார்க்க ஒரு பொத்தான் உண்டு. ஒருமுறை அழுத்தினால் எரியும், மறுமுறை அழுத்தினால் அணையும். அதற்குச் சிக்னல் தேவையில்லை, விரல் போதும். அவன் டேபிளுக்கு ஓடினான்.

"காது, ஒவ்வொரு வசனம் முடிஞ்சதும் இந்தப் பொத்தானை ஒரு தட்டு. அவங்க தரைக்கு வந்ததும் இதை ஒரே தட்டு, மேலேருந்து ஒண்ணொண்ணா தானா அணையும். வேற எதையும் தொடாதே."

"நீ எங்க போறே?"

"குடித்தனத்துக்கு."

துணிக்குள் நுழைந்து, முட்டியை மடக்கி, சட்டத்தைப் பிடித்துக்கொண்டான். தலைக்கு மேல் மாமியார் ஏறும் ஓசை. பிறகு மொத்த வெளிச்சமும் போனது. சக்கரம் நகர்ந்தது.

"என்னடா, இன்னிக்கு இப்படிக் கனக்குது?" தள்ளுகிறவர்களில் ஒருவன் கிசுகிசுத்தான்.

"அம்மா மதியம் ஒரு பிடி பிடிச்சிருப்பாங்க."

"எனக்குக் காது நல்லாவே கேக்கும்டா," என்றது உச்சியிலிருந்து குரல்.

படிக்கட்டு நின்றது. அவன் இருட்டில் துழாவி ஆறாவது பெட்டியைக் கண்டுபிடித்தான். பொத்தான் மேல் கட்டைவிரலை வைத்தான். விரல் வியர்வையில் வழுக்கியது. சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி தேடினான்.

ஒன்பதாவது எரிந்தது. முதல் வசனம். எட்டாவது எரிந்தது, மரம் கிறீச்சிட்டது. ஏழாவதும் வந்தது. அவள் பாதத்தின் நிழல் அவன் நெற்றிக்கு மேல் விழுந்தது. "உனக்காக வாசலைப் பூட்டாமலே வைத்திருந்தேன் மகனே," என்றாள். காது தட்டியிருக்க வேண்டும். ஆறாவது வரவில்லை.

அழுத்தினான். எரியவில்லை. விரல் திருகாணியின் மேல் இருந்தது.

ஏழாவது படியில் நிழல் நகரவில்லை. விளிம்பில் கால்விரல்கள் மட்டும் மரத்தைப் பற்றிக்கொண்டன. அவன் பெட்டியைத் தடவினான். "உனக்காக," என்று அவள் மறுபடி ஆரம்பித்தாள், இந்த முறை மிக மெதுவாக, யாரையோ தூக்கத்திலிருந்து எழுப்புகிற குரலில். "வாசலைப் பூட்டாமலே... வைத்திருந்தேன்..."

திருகாணிக்குக் கீழே இரண்டு விரற்கடை. அங்கே இருந்தது. அழுத்தினான்.

ஆறாவது படி எரிந்தது. "மகனே," என்று முடித்துவிட்டு அவள் காலை இறக்கினாள்.

மற்றவை காதின் தட்டுக்கு ஒழுங்காக வந்தன. ஐந்து, நாலு, மூன்று. தரையில் அவள் பாதம் படும் ஓசை கேட்டது. மேலிருந்து விளக்குகள் அணையத் தொடங்கின. ஒன்பது, எட்டு, ஏழு. ஆறைத் தாண்டி ஐந்து, நாலு என்று கடைசி வரை. ஆறு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அதை அவன்தான் அணைக்க வேண்டும்.

விரலை வைத்தவன் நின்றுவிட்டான். அவள் இன்னும் மேடை நடுவில் நிற்கிறாள். பக்கத்திரைக்குப் பத்துப் பன்னிரண்டு எட்டு இருக்கும். ஒத்திகையில் அங்கே யாராவது ஒரு விளக்கைப் போட்டு வைத்திருப்பார்கள். இன்று அங்கும் இருட்டு. டார்ச் பிடிக்க ஆள் இல்லை. படியைப் பற்றியே கவலைப்பட்டு, இதை அவன் நினைக்கவே இல்லை.

எரிய விட்டான். அரங்கம் முழுக்க அந்த ஒற்றை விளக்கு. அறுநூறு பேரும் இருமக்கூட இல்லை. அவள் காலடியை எண்ணினான். நாலு. ஐந்து. ஓரிடத்தில் தயங்கியது, பிறகு நகர்ந்தது. பதினொன்று. திரைத்துணி உரசும் ஓசை.

அணைத்தான்.

கைதட்டல் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது, வந்தபோது ஓயவில்லை. படிக்கட்டை உள்ளே இழுத்ததும் அவன் துணியை விலக்கி ஊர்ந்து வெளியே வந்தான். அரைநிமிஷம் எதிரே நின்றிருந்தார்.

"அரை நிமிஷம். அந்த ஒத்த விளக்கு ஏன் நின்னுச்சு?"

"சிக்னல் போயிடுச்சு சார்."

அவர் தாடையைச் சொறிந்தார். "நாளைக்கும் போகட்டும்," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

பக்கத்திரையின் இருட்டில் மாமியார் சுவரில் கை வைத்தபடி நின்றிருந்தாள். அவன் கிட்டே போனதும், காலடியை வைத்தே அடையாளம் கண்டு, அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன மாப்ளே, ஆறை அணைக்க மறந்துட்டியா?"

அவன் மறு கையால் சட்டைத் தூசியைத் தட்டினான்.

"மறக்கல அத்தை."

"தெரியும். அடுத்த சீனுக்கு அந்தப் பக்கம் போகணும். தரையைச் சொல்லு."

"ரெண்டு எட்டுல ஒரு கேபிள் கிடக்கு. காலைத் தூக்கி வைங்க."

தூக்கி வைத்தாள். அவன் அடுத்ததைச் சொன்னான்.