குணமக்காவுக்கு ஒரு நன்றி

விடியத் தொடங்கும்போது பிரவீணன் எழும்பினான். பாயைச் சுருட்டிச் சுவரோடு சாத்தினான். மின்சாரத்தை வெட்டிவிட்டுப் போன பிறகு நீர்ப்பம்பி வேலை செய்வதில்லை. கிணற்றில் வாளியால் அள்ளிக் குளித்தான். சமையல் காஸும் முடிந்திருந்தது. வெளியே கல் வைத்துப் பனைமட்டை கொளுத்திக் கேத்தலைச் சுடவைத்தான். பிளேன்ரீயைச் சீனி இல்லாமல் குடித்தான். நேற்றைய பாணில் மிஞ்சியதைத் தின்றான். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். சைக்கிளுக்குக் காற்று அடித்தான். கதவைப் பூட்டித் திறப்பைச் சேர்ட் பைக்குள் போட்டான்.

வாசல் படலையைத் தாண்டும்போது கைபேசியில் குறுஞ்செய்தி வந்தது. அவன் படித்த தனியார் கல்வி நிறுவனம். கணக்கியல் இறுதிப் பரீட்சையில் அவன் சித்தியடைந்துவிட்டானாம். வாழ்த்துகளாம். நிலுவைக் கட்டணத்தைச் செலுத்தினால் சான்றிதழைப் பெற்றுக்கொள்ளலாமாம். வாசித்து அழித்தான்.

அந்தப் பரீட்சை நடந்த நாளில்தான் அவன் மனைவி சாருஜா விழுந்தாள்.

இணுவிலில் ஒற்றை அறை வாடகை வீடு. அவன் படித்தான், மிச்ச நேரத்தில் யாழ்ப்பாணம் டவுனில் ஓர் அச்சகத்தில் மரண அறிவித்தல்களும் கண்ணீர் அஞ்சலிப் பதாகைகளும் வடிவமைத்தான். அவள் ஒரு தையல் கடையில் சட்டை தைத்தாள். இரண்டு சம்பளமும் சேர்ந்து சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் காணும். படிப்புக் காசுக்குக் காணாது. அதற்காகத்தான் அவள் நுண்கடன் குழுவில் சேர்ந்தாள்.

ஐந்து பெண்கள். ஒருத்திக்கு மற்ற நால்வரும் பிணை. செவ்வாய்க்கிழமை தோறும் குழுத் தலைவியின் வீட்டு முற்றத்தில் இருப்பார்கள். கொம்பனிக்காரன் வந்து தவணை வாங்குவான். ஐவரின் காசும் மேசைக்கு வரும்வரை ஒருத்தியும் எழும்பக்கூடாது. கொம்பனிக்காரன் அதட்டவே மாட்டான். “குழுவே பாத்து முடிவெடுங்கோ” என்று கைபேசியை நோண்டிக்கொண்டிருப்பான். அதட்டுவதெல்லாம் மற்ற நால்வரின் வேலை. யாராவது வராவிட்டால் எல்லோருமாகச் சேர்ந்து அவள் வீட்டு வாசலுக்குப் போவார்கள். சாருஜாவுக்கு அதுதான் பயம். வாடகை ஏற்கெனவே பாக்கி. வாசலில் கூட்டம் கூடினால் வீட்டுக்காரர் சாமானை வெளியே வைத்துவிடுவார்.

அந்தக் கிழமைத் தவணைக் காசு அவனுடைய பரீட்சைக் கட்டணமாகப் போயிருந்தது. அவள்தான் எடுத்துக் கொடுத்தாள். கட்டாவிட்டால் மண்டபத்துக்குள் விடமாட்டார்கள். காய்ச்சலோடும் வெறுங்கையோடும் அவள் தலைவி வீட்டுக்குப் போனாள். தலைவி குணலட்சுமி, ஊருக்குக் குணமக்கா. காலையிலிருந்து மத்தியானம் வரை சாருஜா அங்கே மர வாங்கில் இருந்தாள். டெங்கு என்று பிறகுதான் தெரிந்தது.

பரீட்சை மத்தியானத்துக்குப் பிறகுதான் தொடங்கியது. காலை முழுக்க அவன் வீட்டில் கைபேசியை மேசையில் வைத்துக்கொண்டு படித்தான். அது அடிக்கவில்லை. எழுதி முடித்து வெளியே வந்தபோது குழுவில் இருந்த யசிந்தாவின் அழைப்புகள் தவறியிருந்தன. ஆசுபத்திரிக்கு ஓடினான். சாருஜாவுக்கு நினைவில்லை. மறுநாள் எல்லாம் முடிந்தது.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்குக் குணமக்கா வந்தாள். படையல் சோறு சாப்பிட்டாள். கை கழுவிய ஈரத்தைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே கேட்டாள்:

“தம்பி, செவ்வாய்க்கிழமைக் காசுக்கு என்ன செய்யிறது?”

அவன் அன்றே முடிவெடுத்துவிட்டான். கூட்டம் நடந்த விதத்தை யசிந்தா கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். அவன் வடிவாகக் கேட்டு மனதில் எழுதிக்கொண்டான். அவசரப்படவில்லை. முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டிச் சடங்கு முடிந்தால் செத்த வீட்டுக்கு உதவினவர்களுக்கெல்லாம் பெயர் சொல்லி நன்றி அச்சடிப்பது ஊர் வழக்கம். மலர்வளையம் வைத்தவர், பந்தல் போட்டவர், சமைத்தவர், பறை பிடித்துத் தந்தவர் என்று. அந்த வழக்கத்தை அவன் ஏன் மீற வேண்டும்?

அந்தியேட்டி முந்தாநாள் முடிந்தது. இன்று திங்கட்கிழமை.

அச்சகத்துக்குப் போனதும் கணினியில் முதல் வேலையாக அந்த நன்றிப் பதாகையைத்தான் திறந்தான். முதலாளி ஜெபரட்ணம் பின்னால் வந்து நின்றார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். கிட்டப் பார்வைக்கு அவருக்குக் கண்ணாடி தேவையில்லை.

“உதென்னடா?”

“நன்றி நவிலல், சேர். சாருஜாவின்ரை.”

“நன்றி சொல்லுறவன்ரை மூஞ்சையோ உது?” என்றுவிட்டு அவர் உரத்து வாசிக்கத் தொடங்கினார்.

“அமரர் திருமதி சாருஜா பிரவீணன் காய்ச்சலோடு வந்தபோது அவரைத் தமது வாங்கில் மத்தியானம் வரை இருத்தி வைத்தவரும், அவர் எழுந்து போகாதபடி படலைக்குக் கொழுக்கி போட்டவரும், ‘நடிக்காதை’ என்று ஆறுதல் கூறியவரும், கணவனின் தொலைபேசி இலக்கம் இருந்தும் அழைத்துச் சொல்லாதவரும், எட்டுச் செலவில் உண்டு கை காயமுன் தவணைக் காசு கேட்டவருமான, திருமதி குணலட்சுமி முருகேசு அவர்களுக்கு எமது உளமார்ந்த நன்றிகள். இங்ஙனம், கணவன்.”

‘இங்ஙனம்’ என்ற இடத்தில் அவர் குரல் இறங்கிவிட்டது. கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

“தம்பி, முப்பது வருசமாச் செத்த ஆக்களுக்கு அடிக்கிறன். உயிரோடை இருக்கிற ஆளுக்கு அடிக்கிறது இதுதான் முதல்தரம்.”

“அடிப்பியளோ, மாட்டியளோ?”

“பேரை எடுத்துப்போடு. அடிக்கிறன்.”

“பேருக்காகத்தான் சேர் அடிக்கிறதே.”

“அந்தக் கொம்பனிக்காரனைப் போடன்.”

“அவனைப் பருத்தித்துறைப் பக்கம் மாத்திப்போட்டாங்கள். இப்ப வாறது வேறை ஒருத்தன். நாளைக்கு அவனையும் மாத்துவாங்கள். கொம்பனிக்கு முகம் இல்லை. இவவுக்கு இருக்கு.”

ஜெபரட்ணம் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார்.

“எங்கடை சேர்ச்சிலை உப்பிடி ஒண்டை வாசிச்சா பாதிச் சனம் எழும்பிப் போயிடும்.”

“ஏன்?”

“அடுத்தது தங்கடை பேரோ எண்ட பயத்திலை.” அவர் சிரிக்கவில்லை. “கொழுக்கிக்கு ‘ழ’ போட்டிருக்கிறாய், சரி. கீழை என்ரை அச்சகத்தின்ரை பேர் வரக்கூடாது. காசைச் சம்பளத்திலை வெட்டுவன்.”

“வெட்டுங்கோ.”

“போட்டோ?”

“சாருஜாவின்ரை படம் இதிலை வேண்டாம் சேர். அவ உந்தப் பேருக்குப் பக்கத்திலை நிக்கவேண்டாம்.”

மறுநாள் செவ்வாய்க்கிழமை. கூட்டத்துக்கு முன்பே அவன் குணமக்கா வீட்டு ஒழுங்கைக்குப் போனான். அவள் படலைக்கு நேரெதிரே இரண்டு மின்கம்பங்கள். பதாகையை இழுத்து நாலு மூலையும் இறுக்கிக் கட்டினான். சுருக்கம் இல்லாமல் வந்தது. சைக்கிளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு நின்றான்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிவந்த ஓட்டோக்காரன் முதலில் நிறுத்தினான். யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துத் தலையை வெளியே நீட்டி வாசித்தான். பிள்ளைகளும் எழுத்துக் கூட்டி வாசித்தார்கள். அவன் பிள்ளைகளின் தலையை உள்ளே தள்ளிவிட்டு வேகமாகப் போனான். இனி இணுவில் முழுக்கத் தெரியும் என்று பிரவீணன் நினைத்தான்.

யசிந்தா வந்தாள். இரண்டு வரி வாசித்ததும் சிலுவை போட்டாள்.

“ஐயோ பிரவீணன், நான் சொன்னனான் எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ.”

பிறகு புதிய கொம்பனிக்காரன், கஜானன் என்று பெயர், மோட்டார்சைக்கிளில் வந்தான். தலைக்கவசத்தைக் கழற்றாமலே வாசித்தான். படம் எடுத்தான். யாரோடோ கைபேசியில் கதைத்தான். “அக்காமார், இண்டைக்கு இஞ்சை கூட்டம் வைக்கேலாது. வேறை வீடு பாருங்கோ” என்று யசிந்தாவிடம் சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பினான்.

சத்தம் கேட்டுக் குணமக்கா ஈரத் தலையோடு வெளியே வந்தாள். பதாகையில் தன் பெயர் முழங்கை உயர எழுத்தில் இருப்பதைக் கண்டாள். முழுவதையும் வாசித்தாள். வாய் மட்டும் அசைந்தது.

“ஆர் உதைக் கட்டினது?”

“நான்தான்.”

“கழட்டு.”

“நன்றி சொன்னதைக் கழட்டுற வழக்கம் இல்லை, அக்கா.”

“நாளைக்கு என்ரை பிள்ளையைப் பொம்பிளை பாக்க வருகினம்.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமோ கட்டினனீ?”

“தெரிஞ்சுதான் கட்டினன்.”

அவள் முகம் வெளிறியதை அவன் பார்த்துக்கொண்டே நின்றான். இந்த நிமிடத்துக்காக ஒரு மாதம் காத்திருந்தான். நெஞ்சு குளிரும் என்று நினைத்திருந்தான். பசித்தது. அவ்வளவுதான். ஆனாலும் போதாது போல இருந்தது. இன்னும் வேண்டும். இவள் நிலத்தில் இருந்து தலையில் அடித்து அழவேண்டும்.

“அவள் கட்டாட்டி நாங்கள் நாலு பேரும் கட்டவேணும்,” என்றாள் குணமக்கா. “எனக்கு எங்காலை காசு? என்ரை மனுசன் முருகேசு படுத்த படுக்கை. நான் கொழுக்கி போடாட்டி என்ரை அடுப்பு அணையும். இப்பவும் உன்ரை பெஞ்சாதியின்ரை கடனை ஆர் கட்டுறது? கொம்பனியோ? நாங்கள்தான் கட்டுறம்.”

“கட்டுங்கோ.”

“கட்டுங்கோவோ?”

“காய்ச்சல்காரியை இருத்தி வைச்சதுக்குச் சேர்த்துக் கட்டுங்கோ. நாலு பேரின்ரை போனிலையும் என்ரை நம்பர் இருந்தது. ஒராளும் காலமை அடிச்சுச் சொல்லேல்லை. நான் பத்து நிமிசத்திலை வந்திருப்பன். அவ இருந்திருப்பா.”

குணமக்காவின் வாய் கோணியது. ஒழுங்கையில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். மதிலுக்கு மேலாலும் தலைகள் தெரிந்தன. அவள் அவர்களையும் பார்த்து, அவனையும் பார்த்து, சட்டென்று அழத் தொடங்கினாள்.

“உன்ரை மனுசி கடைசியா என்னட்டை என்ன சொன்னவள் தெரியுமோடா? ‘அக்கா, என்ரை மனுசனை நீங்கள்தான் பாத்துக்கொள்ளவேணும்’ எண்டு என்ரை கையைப் பிடிச்சுச் சொன்னவள். அந்த வாய்ச் சொல்லுக்காகத்தான் நாங்கள் நாலு பேரும் வாய் திறக்காமல் கட்டுறம்.”

“அம்மா, பொய் சொல்லாதை.”

படலைக்குள் அவள் மகள் பிரசாந்தி நின்றாள். நாளைக்குப் பொம்பிளை பார்க்க வரப்போவது அவளைத்தான். அவள் ஒழுங்கைக்கு வந்து, பதாகைக்கு நேரே நின்று, மேலிருந்து கீழ்வரை வாசித்தாள். 

“எல்லாம் நடந்ததுதான், அண்ணை,” என்றாள். “அம்மா கொழுக்கி போட்டவ. நடிக்காதை எண்டும் சொன்னவ. நான் உள்ளுக்கை நிண்டு பாத்தனான். எட்டிலை காசு கேட்டதும் சரி. கழட்டவேண்டாம். நாளைக்கு வாறவை வாசிக்கிறதெண்டா வாசிக்கட்டும்.”

“நீ உள்ளை போ!” என்றாள் தாய்.

“ஒரு வரி மட்டும் பிழை.” அவள் விரலை நீட்டினாள். “அழைத்துச் சொல்லாதவர் எண்டது. அம்மாவுக்கு மனம் வரேல்லைத்தான். ஆனா நான் போனை எடுத்தனான். உங்கடை நம்பரை எடுத்து அடிக்கப் போனனான். சாருஜா அக்கா எழும்பி வந்து என்ரை கையைப் பிடிச்சிட்டா. கை நெருப்பாச் சுட்டது. அதுக்குப் பிறகுதான் விழுந்தவ. பிறகு ஒண்டும் கதைக்கேல்லை.”

பிரவீணன் சைக்கிளை விட்டுவிட்டு அவளுக்குக் கிட்டப் போனான்.

“கையைப் பிடிச்சு என்ன சொன்னவ?”

“சொல்லாதையடி!” குணமக்காவின் அழுகை நின்றுவிட்டது. அவள் மகளை மறித்துக்கொண்டு நடுவில் வந்தாள். “அதுக்குத்தானே நான் வேறை மாதிரிச் சொன்னனான். இவன் தாங்கமாட்டான். சொல்லாதை.”

“நீங்கள் விலத்துங்கோ, அக்கா,” என்றான் பிரவீணன். “பிரசாந்தி, சொல்லும்.”

பிரசாந்தி நிலத்தைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்:

“‘அவர் மத்தியானம் சோதினை எழுதவேணும், பிரசாந்தி. அவருக்குப் போன் எடுக்காதை. முடியட்டும்.’”