கட்டற்ற தண்ணிமுறை

ஓட்டமாவடி விவசாயிகளின் கமக்காரர் அமைப்பு அறைக்குள் றுக்ஷானா நுழைந்தபோது, செயலாளர் மீராசாஹிப் கையெழுத்திடப் பேனையைத் திறந்துவிட்டிருந்தார். எதிரே, மடியில் லெப்டொப்புடன், கணினிக் கம்பனி நடத்தும் ஷிஹான். நடுவே நாலு பக்க ஒப்பந்தம்.

காலையில் மீராசாஹிப்தான் அதைப் படமெடுத்து அனுப்பியிருந்தார்: "இங்கிலீசுல இரிக்கி புள்ள, ஒருக்காப் பாரு." அவள் பார்த்தாள், வேலைக்கு லீவு சொல்லிவிட்டு ஓடிவந்தாள். வட்டை என்னும் வயல்வெளியில் எந்த வயலுக்கு எந்த நாள் தண்ணீர் என்று வகுத்துத் தரும் மென்பொருளை அமைப்பு வேறெந்த வட்டைக்கும் கொடுக்கக் கூடாது, அதன் நிரலைத் திறந்தும் பார்க்கக் கூடாது என்று மூன்றாம் பக்கத்தில் இருந்தது. அந்த மென்பொருளை எழுதியதே அவள்தான். 'தண்ணிமுறை' என்று பெயரிட்டு இணையத்தில் வைத்திருந்தாள். எவரும் எடுக்கலாம், திருத்தலாம். பிறருக்குக் கொடுத்தால் மூலநிரலையும் இதே உரிமையையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். அதுதான் உரிமம். ஷிஹான் நிறத்தை மாற்றி, தன் கம்பனிப் பெயரைப் போட்டுப் போன மாதம் இங்கே நிறுவியிருந்தான். ஒரு வாரத்துக்கு முன் அதைக் கண்டதிலிருந்து அவள் அத்தாட்சி சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, கைச்சாத்து வெக்காதீங்க. இது என்ட புறோகிராம்."

"வாங்க சட்டத்தரணி அம்மா," என்று சிரித்தான் ஷிஹான். "பின்னேர வகுப்பு முடிஞ்சிட்டா? ஒன்டதுக்கு என்ன அத்தாட்சி?"

அவள் பின்னேரச் சட்ட வகுப்புக் கொப்பியைத் திறந்தாள். பதினொரு அத்தாட்சிகள், இலக்கமிட்டு. முதலாவதை வாசிக்க வெட்கமாக இருந்தது.

"தலைப்புல 'வாய்கால்' எண்டு இரிக்கி. 'க்' விடுபட்டது என்ட பிழ. அதையும் சேத்துத்தான் எடுத்திரிக்கீங்க."

மீராசாஹிப் அமைப்பின் கணினியை எட்டிப் பார்த்தார். "ஓம், 'க்' இல்லதான்."

"சரி, எடுத்தன். நீதானே 'கட்டற்ற மென்பொருள்' எண்டு எழுதி வெச்ச? கட்டில்லாத மாட்ட ஆரும் ஓட்டிட்டுப் போகலாம்."

"ஓட்டலாம், காக்கா," என்று அண்ணன்முறை வைத்தே சொன்னாள். "கொண்டுபோய் ஒங்கட பட்டியில கட்ட ஏலாது. கட்டற்றது எண்டா ஆரும் கட்டக் கூடாது எண்டுதான்."

"ஒன்ட உரிமத்துல நான் கைச்சாத்து வெச்சனா? ஒரு சதம் தந்தனா? பொறகு என்ன ஒப்பந்தம்?"

இந்தக் கேள்விதான் ஒரு வாரமாக அவளைத் தின்றது. கைமாறு இல்லாவிட்டால் ஒப்பந்தமில்லை என்பது ஆங்கிலச் சட்டம். இங்கே றோமன்-ஒல்லாந்துச் சட்டப்படி நியாயமான காரணம் போதும். அதுவரை கொப்பியில் தெளிவாக இருந்தது. அதற்குக் கீழே, 'கைச்சாத்தில்லாத உரிமம் ஒப்பந்தமா?' என்று எழுதிப் பெரிய கேள்விக்குறி போட்டிருந்தாள். அதை அழிக்கும் அளவுக்கு அவளுக்குத் தெரியாது. பிறகு, அழிக்கவே தேவையில்லை என்று தோன்றியது.

"ஒப்பந்தம் எண்டா நிபந்தனைய மீறிட்டீங்க. ஒப்பந்தம் இல்லையெண்டா அதவிட மோசம். நான் எழுதினதப் பிரதியெடுக்க ஆரு ஒங்களுக்கு அனுமதி தந்த? அந்த உரிமம் மட்டும்தான். அதத் தள்ளினா மிச்சம் புலமைச் சொத்துச் சட்டம். எது வேணும், சொல்லுங்க."

ஷிஹானின் சிரிப்பு நின்றது. "வழக்குப் போடுவியா? என்ட சட்டத்தரணி ஆரெண்டு தெரியுமா?"

"போடுவன். தோத்தாலும் போடுவன்." அவள் கொப்பியை மூடினாள்.

மீராசாஹிப் பேனையை மூடிச் சட்டைப் பையில் செருகினார். "ஷிஹான் தம்பி, பக்கத்து வட்டைக்குக் குடுக்க ஏலாத தண்ணிமுறைய வெச்சி நாங்க என்ன செய்ற? ரெண்டு வட்டைக்கும் ஒரு வாய்க்கால்தானே."

ஷிஹான் தாள்களை மடித்தான். "மூலநிரல வெள்ளிக்கிழம அனுப்புறன்."

"வெள்ளிக்கிழம வேணாம்." அவள் பென்டிரைவை மேசையில் வைத்தாள். "லெப்டொப் மடியிலதானே இரிக்கி."

அவன் மீராசாஹிபைப் பார்த்தான். அவர் அவனைப் பார்க்கவில்லை. பக்கத்து வட்டை அமைப்புக்கு அழைத்துப் போனைக் காதில் வைத்துவிட்டார்.

"அழகரத்தினமா? ஒங்கட அமைப்புல கணினி இரிக்கா? பழசெண்டாலும் பரவாயில்ல. இண்டைக்கே வாறம்."

ஷிஹான் லெப்டொப்பைத் திறந்தான்.